பழைய காமிக்ஸ் சேர்ப்பவர்கள் என்னிடம் கேட்பவை: புத்தகத்தின் நிலை பற்றிய கேள்விகளும் பதில்களும்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பழைய சித்திரக்கதைப் புத்தகங்களைத் தேடித் திரிகிறவர்கள் அதிகம் பேர் இல்லை. இருந்தும், கல்லடியில் என் வீட்டுக்கு வருகிறவர்களும், கல்முனையிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் தொலைபேசியில் அழைக்கிறவர்களும், விடுமுறைக்குக் கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் வந்து தகப்பனாரின் பெட்டியைத் திறந்து பார்க்கிறவர்களும் பல ஆண்டுகளாக ஏறத்தாழ ஒரே கேள்விகளையே கேட்டு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

பழைய காமிக்ஸ் எண்டு நீங்க எதைச் சொல்றீங்க, சேர்?

பெரும்பாலும் சிவகாசியிலிருந்து 1972 முதல் வெளிவந்த முத்து காமிக்ஸ், 1984 இல் தொடங்கிய லயன் காமிக்ஸ், அதே ஆண்டில் தொடங்கிய ராணி காமிக்ஸ் ஆகியவற்றின் பழைய இதழ்களைத்தான் சொல்கிறேன். அவற்றோடு இந்திரஜால் காமிக்ஸின் தமிழ்ப் பதிப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். 1947 இல் தொடங்கிய அம்புலிமாமா காமிக்ஸ் அல்ல என்றாலும், அதைச் சேர்க்கிறவர்களுக்கும் கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி பொருந்தும், ஏனெனில் தாளும் மையும் கம்பியும் ஏறத்தாழ ஒன்றுதான்.

கதைதானே முக்கியம்? அட்டை கிழிஞ்சா என்ன, மூலை மடிஞ்சா என்ன?

வாசிப்பதற்காக மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் உங்கள் பக்கம்தான் நியாயம். எழுத்தும் படமும் தெரிந்தால் போதும்; நிலையைப் பார்த்துக் கூடுதல் விலை கொடுப்பது வீண். ஆனால் சேர்ப்பது என்பது வேறு. சேர்க்கிறவர் கதையோடு அந்தக் கதை முதன்முதலில் எந்த உருவத்தில் கடைக்கு வந்ததோ அந்த உருவத்தையும் வாங்குகிறார். முத்து காமிக்ஸின் நாயகன் இரும்புக்கை மாயாவியின் கதையை இன்றைக்கும் மறுபதிப்பில் வாசிக்கலாம். 1972 ஆம் ஆண்டின் தாளையும், அச்சையும், பின்னட்டை விளம்பரத்தையும் மறுபதிப்பில் பெற முடியாது. அந்த உருவம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைத்தான் நாங்கள் 'நிலை' என்கிறோம்.

ஆகவே என் பதில், நிலை முக்கியம். ஆனால் எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே அளவில் முக்கியமல்ல. இந்தப் பக்கத்தின் மீதி முழுவதும் அந்த 'ஆனால்' பற்றியதுதான்.

நிலை எண்டா எதை எதைப் பார்க்கோணும்?

முதலில் முழுமை. எல்லாப் பக்கமும் உண்டா, முன்னட்டையும் பின்னட்டையும் அதே புத்தகத்துக்கு உரியவையா என்று பாருங்கள். அழகிய அட்டையும் காணாமற்போன நடுத்தாளும் உள்ள பிரதியைவிட, அழுக்கேறிய முழுப் பிரதியே மேல் என்பது என் உறுதியான கருத்து. மின்சாரம் பட்டதும் உடல் மறைந்து கை மட்டும் தெரிகிற மாயாவியைப் போல, உள்ளே ஒன்றும் இல்லாமல் அட்டை மட்டும் பளபளக்கும் பிரதிகளைப் பார்த்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

முழுமை உறுதியான பிறகு முதுகைப் பாருங்கள். சுருட்டி வாசித்த புத்தகத்தின் முதுகு ஒருபக்கமாகச் சரிந்து நிற்கும், அது எளிதில் நேராகாது. அடுத்து கம்பிகள், அவற்றைச் சுற்றிய துருக்கறை. பிறகு மூலைகள், அட்டையின் நிறம், நீர்க்கறை. கடைசியாகத் தாளின் ஓரத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். மஞ்சளாக இருந்தாலும் வளைந்து கொடுத்தால் பரவாயில்லை; அப்பளம்போல் நொறுங்கினால் அந்தப் புத்தகத்தின் ஆயுள் முடியப்போகிறது என்று பொருள்.

எல்லாப் பக்கமும் இருக்கா எண்டு எப்பிடி நிச்சயிக்கிறது? பக்க எண்ணே போடேல்லையே.

நடுவில் கம்பி அடித்த புத்தகத்தில் ஒவ்வொரு தாளும் முழுதாக மடிக்கப்பட்டு இரண்டு ஏடுகளாக, அதாவது நான்கு பக்கங்களாக நிற்கும். எனவே மொத்தப் பக்கங்கள் நான்கால் வகுபட வேண்டும். நடுவைத் திறந்து, கம்பிக்கு இடப்பக்கத்து ஏடுகளையும் வலப்பக்கத்து ஏடுகளையும் தனித்தனியே எண்ணுங்கள். இரண்டும் சமமாக இல்லாவிட்டால் ஏதோ ஒரு ஏடு கிழிக்கப்பட்டிருக்கிறது.

இந்தக் கணக்கு ஒரேயொரு இடத்தில் பொய்க்கும். ஒரு தாள் முழுதாகவே கழன்று விழுந்திருந்தால் இரண்டு பக்கமும் சமமாகவே இருக்கும். அப்படி முதலில் கழலுவது நடுத்தாள்தான். ஆகையால் எண்ணிய பின்பும் நடுப்பக்கங்களின் கதையை ஒருமுறை வாசித்துத் தொடர்ச்சி அறுபடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். பக்கவாட்டில் கம்பி அடித்து அட்டையை முதுகில் ஒட்டிய புத்தகங்களில் வாசித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. புதிர்ப் பக்கம், கூப்பன், நிறம் தீட்டும் பக்கம் ஆகியவற்றை வெட்டியெடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அவற்றின் பின்பக்கத்தில் கதை இருக்கக்கூடும்.

அமெரிக்காவில 9.0, 8.5 எண்டு புள்ளி போடுறாங்களே, அது என்ன?

அங்கே பழைய காமிக்ஸின் நிலைக்கு 0.5 முதல் 10 வரை புள்ளி வழங்குகிறார்கள். புளோரிடாவில் இயங்கும் சிஜிசி என்ற நிறுவனம் 2000 ஆம் ஆண்டு முதல் இதைத் தொழிலாகவே செய்து, புள்ளியிட்ட புத்தகத்தைக் கடினமான பிளாஸ்ரிக் உறைக்குள் அடைத்துக் கொடுக்கிறது. சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய, 1938 ஜூன் எனத் திகதியிட்ட, பத்து சதம் விலைகொண்ட ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழின் 9.0 புள்ளி பெற்ற பிரதி ஒன்று 2014 இல் 32 இலட்சம் டொலருக்கு மேல் விற்றது, 8.5 புள்ளிப் பிரதி ஒன்று 2024 இல் 60 இலட்சம் டொலருக்கு விற்றது. குறைந்த புள்ளிக்குக் கூடிய விலை வந்திருப்பதைக் கவனியுங்கள்: புள்ளி மட்டுமல்ல, காலமும் சந்தையும் சேர்ந்தே விலையைத் தீர்மானிக்கின்றன.

நமது தமிழ்ப் புத்தகங்களை அங்கே அனுப்பிப் புள்ளி வாங்குவதில் எனக்கு எந்தப் பயனும் தெரியவில்லை. அனுப்பும் செலவே புத்தகத்தின் விலையைத் தாண்டிவிடும். உறைக்குள் அடைத்த பிறகு திறந்து வாசிக்கவும் முடியாது. ஆனால் அவர்கள் குறைகளை வரிசைப்படுத்திப் பார்க்கும் ஒழுங்கைக் கற்றுக்கொள்ளலாம். ஒரு சின்ன எச்சரிக்கை: அந்த அளவுகோலில் 'குட்' என்பது 2.0 தான். ஆங்கிலத்தில் யாராவது 'குட் கண்டிஷன்' என்று எழுதியிருந்தால், அது நாம் நினைக்கும் 'நல்ல நிலை' அல்ல. முழுதாக இருக்கிறது, நிறைய அடிபட்டிருக்கிறது என்றுதான் பொருள்.

அரிய புத்தகம் எண்டா நிலை பார்க்கத் தேவையில்லை எண்டு ஒருத்தர் சொன்னார். சரியா?

பாதி சரி. எளிதில் கிடைக்கும் புத்தகத்தில் நிலையே எல்லாம். ராணி காமிக்ஸின் பிற்கால இதழ்களில் பல இன்னமும் கட்டுக்கட்டாகக் கிடைப்பதால், கிழிந்த பிரதியை வாங்க எந்தக் காரணமும் இல்லை. பொறுத்திருந்தால் நல்லது வரும். தொடக்ககால முத்து இதழ் ஒன்றுக்கு அப்படிப் பொறுத்திருக்க முடியாது. அடுத்த பிரதி உங்கள் வாழ்நாளில் கண்ணில் படாமலே போகலாம் என்பதால், முழுமையாக இருந்தால் எந்த நிலையிலும் வாங்கலாம்.

ஆனால் அரிதானதில் நிலை பொருட்டல்ல என்று இதிலிருந்து முடிவு செய்துவிடக் கூடாது. அரிதாக இருக்க இருக்க, நிலையில் ஏற்படும் சிறு வேறுபாடும் விலையைப் பெரிதாக அசைக்கும். மேலே சொன்ன அதே ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழின் ஒரு பிரதி, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பழைய வீடொன்றின் சுவருக்குள் அடைத்திருந்த காகிதக் குப்பைக்குள் கண்டெடுக்கப்பட்டது. உறவினர்களுக்கிடையே அதை இழுத்துப் பறித்ததில் பின்னட்டை கிழிந்து, புள்ளி 1.5 ஆக இறங்கியது. 2013 இல் அது 1,75,000 டொலருக்கு விற்றபோது, அந்த ஒரு கிழிசலால் ஏற்பட்ட இழப்பு சுமார் 75,000 டொலர் என்று மதிப்பிட்டார்கள். சுவருக்குள் பல பத்தாண்டுகள் கிடந்து தப்பிய புத்தகம், கண்டெடுத்தவர்களின் கையில் கிழிந்தது.

எங்கட பக்கத்தில ஏன் நல்ல நிலையில புத்தகமே கிடைக்குதில்ல? சென்னையில கிடைக்குது எண்டுறாங்க.

முதற்காரணம், வந்ததே குறைவு. 1970களின் முற்பகுதியில் இந்திய இதழ்களின் இறக்குமதிக்கு இலங்கையில் கட்டுப்பாடு இருந்தது; முத்து காமிக்ஸ் தொடங்கியதும் அதே காலத்தில்தான். வந்த பிரதிகளும் ஒருவர் கையில் தங்கவில்லை. ஒரு புத்தகத்தை ஒரு தெருவே வாசித்தது. வாடகைக்குப் புத்தகம் கொடுத்த கடைகளில் ஒவ்வொரு பிரதியும் நூறு கைகளைக் கண்டது. அப்படி வாசிக்கப்பட்ட புத்தகம் புதிதுபோல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இரண்டாவது, எங்கள் கரை கண்ட அழிவுகள். 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளி மட்டக்களப்பின் கூரைகளைப் பிடுங்கியபோது, பரணிலும் அலுமாரியிலும் இருந்த கடதாசி எல்லாம் மழையில் கரைந்தது. 1990 இல் கட்டிய துணியோடு வெளியேறிய குடும்பங்கள் புத்தகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கல்லடி, நாவலடி, காரைதீவு, மருதமுனை என்று கரையோரம் முழுவதையும் கடல் வாரிக்கொண்டது. தப்பியவற்றில் ஒரு பகுதியை 2011 ஜனவரி வெள்ளம் கொண்டுபோனது. அமெரிக்காவில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பழைய காகிதத்தைத் திரட்டிக் கூழாக்கியதால் அந்தக் கால காமிக்ஸ் அருகிப்போயின என்பார்கள். எங்கள் ஊரில் அந்த வேலையைக் காற்றும் நீரும் போரும் செய்தன.

மூன்றாவது, காலநிலை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1977 இல் கண்டெடுக்கப்பட்ட 'மைல் ஹை' என்ற பழைய காமிக்ஸ் தொகுப்பின் புத்தகங்கள் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் வெள்ளைத் தாளோடு இருந்ததற்கு, அந்த இடத்தின் உலர்ந்த குளிர்காற்றும், காற்றுப் புகாதபடி நெருக்கி அடுக்கி வைத்திருந்ததும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. எங்களுக்கு வாய்த்ததோ மாரியில் சுவரே வியர்க்கும் வீடும், கச்சான் வீசும் மாதங்களில் கொதிக்கும் அறையும், ஆண்டு முழுவதும் உப்புக் காற்றும். ஆகையால் எங்கள் ஊரில் கிடைத்த பிரதியை எங்கள் ஊர் அளவுகோலால் பாருங்கள். செங்கலடியில் கிடைத்த முழுமையான, துருப்பிடித்த, மஞ்சள் பிரதி ஒன்றை நான் 'நல்ல நிலை' என்று சொல்லத் தயங்குவதில்லை. ஆனால் வெளியூராருக்கு விற்கும்போது மட்டும் அந்தச் சொல்லைப் பயன்படுத்த மாட்டேன்.

தாள் மஞ்சளாப் போச்சு. வெள்ளையாக்க ஏதும் மருந்து இருக்கா?

இருக்கிறது, பயன்படுத்தாதீர்கள். மரத்தை அப்படியே அரைத்துச் செய்த மலிவான தாளில் லிக்னின் என்ற பொருள் தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது மஞ்சளாகிறது. தாளில் உள்ள அமிலம் நாளடைவில் நார்களை அறுத்து நொறுங்கச் செய்கிறது. வெளுக்கும் மருந்து நிறத்தை மாற்றுமே தவிர அறுந்த நாரை ஒட்டாது. பெரும்பாலும் மையையும் கெடுத்துவிடும். வெயிலில் வைத்தால் வெளுக்கும் என்று ஒருவர் சொன்னார். வெயில்தான் மஞ்சளுக்கே காரணம். சீரான மஞ்சள் நிறத்தைப் புத்தகத்தின் வயது என்று ஏற்றுக்கொள்ளுங்கள், அதைக் குறையாக நான் எண்ணுவதில்லை.

கிழிஞ்ச இடத்தில செலோ டேப் ஒட்டலாம்தானே?

கூடாது. அந்தப் பசை சில ஆண்டுகளில் தாளுக்குள் ஊறி, தேன்நிறக் கறையாகிப் பிறகு பழுப்பாகும். மேலே உள்ள பிளாஸ்ரிக் தானாகக் கழன்று விழுந்தாலும் கறை போகாது. பள்ளிக்கூடக் காலத்தில் என் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் தை மாதத்தில் பாடப்புத்தகத்துக்குப் போடுவதுபோல் பிரவுண் பேப்பரால் உறை போட்டு, உள்ளே டேப் ஒட்டிப் பத்திரப்படுத்தியவன் நான். பத்திரப்படுத்தியதன் பலனாக, ஒவ்வொரு அட்டையின் உட்புறத்திலும் நான்கு பழுப்புப் பட்டைகள் இன்றும் இருக்கின்றன.

கிழிசலை அப்படியே விட்டு, பைக்குள் வைத்தாலே பாதி பாதுகாப்பு. கட்டாயம் ஒட்டத்தான் வேண்டும் என்றால், மெல்லிய இழைத்தாளையும் மாப்பசையையும் கொண்டு ஒட்டுவது நூலகங்களின் வழக்கம். நனைத்தால் திரும்பக் கழற்றலாம் என்பதே அதன் சிறப்பு. ஆனால் மாப்பசை பூச்சிக்கு விருந்து. லேமினேற் செய்வது பற்றிக் கேட்கவே வேண்டாம். அதைக் கழற்ற வழியே இல்லை.

அப்பா பத்துப் பன்னிரண்டு புத்தகத்தைச் சேர்த்து பைண்ட் பண்ணி வச்சிருக்கார். பிரிச்சுத் தனித்தனியா எடுக்கட்டா?

தமிழ் வாசகர்களிடம் மட்டுமே இவ்வளவு பரவலாக இருந்த வழக்கமோ என்று நான் ஐயுறும் அளவுக்கு, இப்படிக் கட்டிய தொகுதிகள் ஏராளம். தொடர்கதைகளை வார இதழிலிருந்து வெட்டிக் கட்டிய கை, காமிக்ஸையும் விடவில்லை. சேர்ப்பவரின் கண்ணுக்கு இது பெரும் சேதம்: கட்டுபவர் மூன்று ஓரங்களையும் வெட்டிச் சமப்படுத்துவார், முதுகில் துளையிட்டுத் தைப்பார், சிலர் அட்டைகளைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். வெட்டிய ஓரம் திரும்ப வராது.

அதற்காகப் பிரிக்கச் சொல்லமாட்டேன். பிரித்தால் உங்களுக்குக் கிடைப்பது ஓரம் குறைந்த, துளையுள்ள பன்னிரண்டு பிரதிகள். இழப்பது அப்பா தன் கையால் தெரிந்து வரிசைப்படுத்திய ஒரு தொகுதி. மேலும், தப்பிப் பிழைத்தவற்றில் பல கட்டப்பட்டிருந்ததாலேயே தப்பின. தனிப் பிரதி வாங்கிக்கொண்டு போனவரிடமே தங்கிவிடும், கனமான தொகுதி வீட்டுக்குத் திரும்பி வரும். ஒரேயொரு சந்தர்ப்பத்தில் மட்டும் பிரிப்பதை யோசிக்கலாம்: அட்டைகளும் ஓரங்களும் வெட்டுப்படாமல், வெறும் நூலால் மட்டும் கட்டியிருந்தால். அப்போதும் நூலை அறுக்க வேண்டும், இழுக்கக் கூடாது.

புத்தகத்தில பேர் எழுதியிருக்கு, வாசிகசாலை முத்திரை குத்தியிருக்கு. இது குறையா?

சந்தைக்கு அது குறை, எனக்கு அல்ல. பழைய பெயரையும் ஊரையும் திகதியையும் கொண்டுதான் ஒரு பிரதி எந்த ஆண்டில் எந்த ஊருக்கு வந்தது என்று அறிகிறோம். எழுத்தை இரப்பரால் அழிக்க முயல்வது எழுத்தைவிடப் பெரிய காயம். குழந்தை நிறம் தீட்டியிருந்தால் அது வேறு; படத்தையே மறைப்பதால் நிலை கணிசமாக இறங்கும். முத்திரை குத்திய நூலகம் இன்னமும் இயங்குகிறதானால், அந்தப் புத்தகம் எப்படி வெளியே வந்தது என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

எங்கே, எப்பிடி வைக்கிறது? றங்குப் பெட்டி நல்லதா?

கறையானுக்கும் எலிக்கும் எதிராக றங்குப் பெட்டி நல்லது. ஈரத்துக்கு எதிராக அல்ல. மாரியில் பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் நீர் வியர்த்து, துரு புத்தகத்தில் இறங்கும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். மாரி மாதங்களில் எங்கள் அறைகள் அதைவிட மேலேதான் இருக்கும். எனவே இறுக மூடும் பிளாஸ்ரிக் பெட்டி, உள்ளே ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல், நிறம் மாறியதும் அதைச் சூடாக்கி உலர்த்தித் திரும்ப வைப்பது என்பதே நான் கண்ட வழி. பெட்டியை ஐப்பசிக்கு முன்பு, உலர்ந்த ஒரு நாளில் மூடுங்கள். மழை தொடங்கிய பிறகு மூடினால் ஈரத்தையும் சேர்த்துத்தான் பூட்டுகிறீர்கள். வெளிச்சுவரில் முட்டாமல், தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். வெள்ளம் கண்ட வீடானால், சுவரில் கறை நின்ற உயரத்தைவிட மேலே.

தனிப் பைக்கு, உடுப்புக் கடையில் சேட்டைப் போட்டுத் தரும் மொறுமொறுப்பான தெளிந்த பை போதும். அது பெரும்பாலும் பொலிப்புரொப்பிலீன். மெத்தென்று இழுபட்டு, புது மழைக்கோட்டு மணம் வீசும் பை பிவிசி. அது மையை ஒட்டிக்கொள்ளும். உள்ளே வைக்கும் மட்டை அமிலமற்றதாக இருக்க வேண்டும். பிஸ்கட் பெட்டி மட்டையை வைப்பதைவிட ஒன்றும் வைக்காமல் இருப்பது நல்லது.

பூச்சிக்கு என்ன செய்யலாம்? வேப்பிலை, பூச்சி உருண்டை?

வேப்பிலையும் வசம்பும் எங்கள் வீடுகளின் வழக்கம்; தீங்கில்லை, ஆனால் இலையை நேரடியாகப் பக்கங்களுக்கிடையே வைத்தால் கறை விழும். பூச்சி உருண்டையின் புகை மனிதருக்கும் நல்லதல்ல. தாளைத் தின்னும் இராமபாணப் பூச்சி ஈரத்தைத் தேடி வருவது என்பதால், முன் கேள்வியில் சொன்னபடி ஈரத்தைக் குறைத்தாலே அதன் தொல்லை குறையும். புதிதாக வாங்கிய புத்தகத்தில் பூச்சி இருப்பதாக ஐயம் வந்தால், பொலித்தீன் பையில் காற்று நீக்கி இறுகக் கட்டி, ஆழ்குளிர்ப் பெட்டியில் இரண்டு வாரம் வைத்து எடுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காமல், அறையின் சூட்டுக்கு வரும்வரை ஒரு நாள் பொறுங்கள். மீன் வைத்த பெட்டியாக இருந்தால் இரண்டு பை போடுங்கள்.

வெள்ளத்தில நனைஞ்ச புத்தகத்தை என்ன செய்யிறது?

வெயிலில் போடாதீர்கள், நெளிந்துவிடும். ஈரத்தில் ஒட்டிய பக்கங்களை வலிந்து விரிக்கவும் வேண்டாம். நனைந்து இரண்டு நாட்களுக்குள் பூஞ்சணம் தொடங்கிவிடும் என்பதால் காலம்தான் முக்கியம். சில புத்தகங்கள்தான் என்றால், மின்விசிறிக் காற்றில் நிறுத்தி, சில பக்கங்களுக்கு ஒன்றாக அச்சில்லாத வெள்ளைத் தாளை இடையிட்டு, தாள் நனைய நனைய மாற்றிக்கொண்டிருங்கள். பெட்டி நிறைய என்றால் அப்படியே குளிர்ப் பெட்டியில் உறைய வைத்து, பிறகு ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம். வெள்ள நாளில் மின்சாரம் இருந்தால். பளபளப்பான அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்தால் பிரிக்கவே முடியாது என்பதால் அவற்றை முதலில் கவனியுங்கள்.

மறுபதிப்பு வாங்கினாப் போதாதா? அது புத்தம் புதுசாவும் இருக்கே.

வாசிப்பதற்குப் போதும், பல இடங்களில் மறுபதிப்பின் அச்சு மூலப் பதிப்பைவிடத் தெளிவாகவும் இருக்கிறது. பழைய பிரதியைப் பைக்குள் வைத்துவிட்டு மறுபதிப்பை வாசிப்பதே என் வழக்கம். பழையதைத் திறக்க வேண்டி வந்தால் கழுவி உலர்த்திய கை போதும். கையுறை போட்டால் விரலின் உணர்வு போய்த் தாள் கிழியும்.

மறுபதிப்பை மூலப் பதிப்பு என்று விற்பதில்தான் சிக்கல். இரும்புக்கை மாயாவி போன்ற புகழ்பெற்ற கதைகள் பலமுறை மறுபதிப்பாகியிருக்கின்றன. தலைப்பை மட்டும் பார்க்காமல் இதழ் எண், அச்சிட்ட விலை, உள்ளே வரும் அடுத்த இதழ் விளம்பரம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றும் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும்.

'பழைய மாயாவி புத்தகம்' எண்டு வாட்ஸ்அப்பில விற்கிறாங்க. நம்பி வாங்கலாமா?

எந்த மாயாவி என்று முதலில் கேளுங்கள். முத்து காமிக்ஸில் மாயாவி என்றால், 1962 இல் பிரித்தானியாவின் வேலியண்ட் இதழில் தொடங்கிய இரும்புக்கை நாயகன். ராணி காமிக்ஸிலோ ஃபேண்டம் என்ற முகமூடி அணிந்த நாயகனுக்கு மாயாவி என்று பெயர். முத்துவில் அவரே வேதாளர். இரும்புக்கை கேட்டு முகமூடி வாங்கியவர்கள் ஆரையம்பதியிலும் உண்டு, அட்டாளைச்சேனையிலும் உண்டு.

பிறகு படங்களைக் கேளுங்கள்: முன்னட்டை, பின்னட்டை, முதுகு, கம்பி தெரியும்படி நடுப்பக்கம், விலை தெரியும் பக்கம். ஒரு முறை நான் முன்னட்டையை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பினேன். வந்த பிரதியில் நடுத்தாள் இல்லை. விற்றவர் பொய் சொல்லவில்லை, நான்தான் கேட்கவில்லை. அனுப்பும்போது சுருட்டாமல், இரண்டு தடித்த மட்டைகளுக்கிடையே தட்டையாகக் கட்டி, முதலில் பொலித்தீனில் சுற்றச் சொல்லுங்கள். கல்முனை பஸ்ஸில் சுருட்டிக் கொடுத்துவிட்ட புத்தகம் மட்டக்களப்பு வந்து சேர்வதற்குள் முதுகு சரிந்துவிடும்.

ரெண்டு அரைகுறைப் பிரதி இருக்கு. ஒண்டில அட்டை இல்ல, மற்றதில நடுப்பக்கம் இல்ல. சேர்த்து ஒண்டாக்கலாமா?

உங்களுக்காகச் செய்வதானால் செய்யலாம். இரண்டும் ஒரே பதிப்பு என்பது மட்டும் உறுதியாக இருக்க வேண்டும். ஆனால் அது இனி ஒரு பிரதியின் நிலை அல்ல, சேர்த்துச் செய்த ஒன்று. அமெரிக்கச் சந்தையில் திருத்திய புத்தகத்துக்கு ஊதா நிற அடையாளம் போட்டுத் தனியே பிரிக்கிறார்கள். அதைப் பார்த்ததும் வாங்குபவர் விலையைக் குறைத்துவிடுவார். நம்மிடையே அடையாள அட்டை இல்லாததால் சொல்வது மட்டுமே அடையாளம். கம்பியை மாற்றியது, ஓரத்தை வெட்டியது, நிறம் தொட்டது, தாள் சேர்த்தது எல்லாவற்றையும் பென்சிலால் ஒரு துண்டில் எழுதிப் பைக்குள் போடுங்கள். உங்களுக்கு மறந்தாலும் துண்டு சொல்லும்.

நிறப் பிரதி எடுத்து அட்டை போடுவதற்கும் இதே விதிதான். அதை ஒட்டாமல், கம்பி அடிக்காமல், தளர்வாக மேலே போர்த்தி வையுங்கள். பின்பக்கத்தில் 'பிரதி' என்று எழுதுங்கள்.

மோசமான பிரதி வச்சிருக்கன், இப்ப நல்லது கிடைச்சிட்டுது. பழையதைக் குடுத்திரலாமா?

கொடுக்கலாம், பெரும்பாலும் கொடுக்கத்தான் வேண்டும். இல்லாதவர் ஒருவருக்கு அது முதற்பிரதியாகும். கொடுப்பதற்கு முன் இரண்டையும் பக்கம் பக்கமாக ஒப்பிடுங்கள், 'நல்லது' என்பதில் ஏதும் குறைந்திருக்கலாம்.

நான் கொடுக்காமல் வைத்திருப்பது ஒன்றே ஒன்று. கல்லடியில் இருந்த என் முதல் தொகுப்பு முழுவதும் 2004 இல் போனது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு நண்பர் ஒருவர் இரவல் வாங்கித் திருப்பித் தராத லயன் இதழ் மட்டும் அவருடைய வயல்வாடியில் மிஞ்சியிருந்தது. பின்னட்டை இல்லை, தேநீர்க் கறை, எலி கடித்த மூலை. புள்ளி போட்டால் 0.5 ஐத் தாண்டாது. அதே இதழின் நல்ல பிரதி ஒன்று பின்னர் கிடைத்தது. இரண்டும் ஒரே பையில் இருக்கின்றன.

கனடாவில இருந்து வந்த மச்சான் என்ட தொகுப்பில நல்லதை மட்டும் எடுத்துக்கொண்டு நல்ல விலை தாறன் எண்டுறார். குடுக்கட்டா?

நிலை பற்றிய எல்லாக் கேள்விகளிலும் இதுதான் காசைத் தொடுவது. நூறு புத்தகம் உள்ள தொகுப்பில் விலைபோகக்கூடியவை பத்துப் பதினைந்துதான் இருக்கும். மீதியை இழுத்துச் செல்வதும் அவைதான். அவற்றைத் தெரிந்தெடுத்துக் கொடுத்துவிட்டால், மிச்சத்தை வாங்க ஒருவரும் வரமாட்டார், பழைய கடதாசிக்காரரைத் தவிர. எனவே அவர் சொல்லும் விலை நல்லதாக இருந்தாலும், அது மொத்தத் தொகுப்புக்கான விலையோடு ஒப்பிட்டு நல்லதா என்று பாருங்கள்.

மூன்றாவது கேள்வியில் சொன்ன வரிசைப்படி ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வரி எழுதி, ஒரு பட்டியல் செய்யுங்கள்: தலைப்பு, இதழ் எண், முழுமையா, என்ன குறை. அந்தப் பட்டியலை மச்சானிடம் கொடுத்து, மொத்தமாக என்ன தருவார் என்றும், தெரிந்தெடுத்தால் என்ன தருவார் என்றும் இரண்டு விலையும் கேளுங்கள். உறவுக்காரர் என்பதால் கேட்கக் கூச்சமாக இருந்தால், பட்டியலில் குறைகளையும் ஒளிக்காமல் எழுதியிருப்பதைக் காட்டுங்கள். அதன் பிறகு அவருக்கும் பேரம் பேசக் கூச்சமாக இருக்கும்.